திரைக்குப் பின்னால் எந்தப் பெட்டி?

மேடையில் ஒரு பாடகி. பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. பாடகி பாடுகிறார். பெட்டிக்குள் சுழலும் இசைத்தட்டிலும் அவருடைய குரல்தான் பதிவாகியிருக்கிறது. நடுவில் விளக்குகள் அணைகின்றன. இருட்டில் பாட்டு தொடர்கிறது. விளக்கு மறுபடி எரியும்போது மேடையில் பாடகி இல்லை. அவர் எப்போது போனார், எந்த இடத்திலிருந்து பெட்டி பாட ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் அசந்துபோய்க் கைதட்டுகிறது.

தாமஸ் எடிசனின் நிறுவனம் தன் ‘டயமண்ட் டிஸ்க்’ ஃபோனோகிராஃபை விற்பதற்காக, 1915 முதல் சுமார் பத்தாண்டுகள் அமெரிக்காவில் ஊர் ஊராக நடத்திய காட்சி இது. ‘டோன் டெஸ்ட்’ என்று பெயர். அப்படிப் பாடியவர்களில் ஒருவர் அன்னா கேஸ், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவின் சோப்ரானோ. பல பத்தாண்டுகள் கழித்து, வயதான காலத்தில், அவர் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டார். மெஷினின் குரலுக்கு ஒத்துப்போகிற மாதிரி தன் குரலை மாற்றிக்கொண்டு பாடினாராம்.

மெஷினால் மேலே ஏறி வர முடியவில்லை. பாடகி கீழே இறங்கி வந்திருக்கிறார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

இதை நூறு வருஷத்துக்கு முந்தைய வேடிக்கை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இன்றைக்கும் வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக ஒரு ஜோடி உயர்தர டவர் ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர் அதே இருட்டுக்குள்தான் நுழைகிறார். தரையில் நெஞ்சுயரத்துக்கு நிற்கும் அந்தப் பெட்டிகளின் விலை சில லட்சங்களில் ஆரம்பித்துக் கோடியைத் தாண்டிப் போகும். ரெண்டு ஜோடியை அடுத்தடுத்து வைத்து, “இதுதான் நல்லா இருக்கு” என்று ஒருவர் சொல்கிறார். சரி. அதைச் சொன்னது அவருடைய காதா, கண்ணா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்கே கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு பிடித்தது.

*

முதலில், பெட்டி ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?

1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் என்ற இருவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு. மின்சாரம் மாறும்போது சுருள் அசையும். கூம்பு காற்றைத் தள்ளும். இன்று நம்ம போனிலிருந்து திருவிழா மைக் செட் வரைக்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்களுக்கு அடிப்படை அதுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்பக்கம் காற்றை இழுக்கிறது. தாழ்ந்த ஸ்வரங்களில் இந்த ரெண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். வெறும் கூம்பை மேசைமேல் வைத்துப் பாட்டுப் போட்டால் சத்தம் சோகையாக இருப்பது இதனால்தான். பின்பக்க ஒலியை அடைத்து வைக்கவே பெட்டி.

ரெண்டாவது சிக்கல் கணக்கு சார்ந்தது. அதே அளவு சத்தத்தோடு ஒரு ஸ்தாயி கீழே போக வேண்டுமானால், அதாவது அதிர்வெண்ணைப் பாதியாக்க வேண்டுமானால், நான்கு மடங்கு காற்றை அசைக்க வேண்டும். 80 ஹெர்ட்ஸை சிரமமில்லாமல் தரும் ஒரு கூம்பு, 40 ஹெர்ட்ஸில் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓடியாக வேண்டும். 20 ஹெர்ட்ஸில் பதினாறு மடங்கு. அதனால் பெரிய கூம்பு, அல்லது பல கூம்புகள், அவற்றுக்கு இடம் கொடுக்கும் பெட்டி.

பால் கிளிப்ஷ் 1946இல் அமெரிக்காவின் அர்கான்சாஸ் மாநிலத்தில், ஹோப் என்ற சிறிய ஊரில் ‘கிளிப்ஷ்ஹார்ன்’ ஸ்பீக்கரைத் தயாரிக்க ஆரம்பித்தார். அது அறையின் மூலையில்தான் நிற்கும். பெட்டிக்குள் மடங்கி மடங்கி வரும் கொம்பு வாத்தியம் மாதிரியான பாதை, கடைசியில் வீட்டுச் சுவரையே தன் வாயாக்கிக்கொள்ளும். அலமாரி அளவு பெட்டி. கொஞ்சம் மின்சாரத்திலேயே பெரும் சத்தம்.

எட்டு வருஷம் கழித்து எட்கர் வில்ச்சூர் நேர் எதிர்த்திசையில் போனார். 1954இல் ஹென்றி க்ளாஸோடு சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கி, ஏஆர்-1 என்ற சிறிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். முழுக்க அடைத்த பெட்டி. உள்ளே மாட்டிக்கொண்ட காற்றே கூம்புக்கு ஸ்ப்ரிங். கூம்பைத் தாங்கும் வழக்கமான இயந்திர ஸ்ப்ரிங்கைவிடக் காற்று சீராக இழுத்துவிடும் என்பது அவர் கண்டுகொண்டது. அலமாரியில் வைக்கக்கூடிய பெட்டியிலிருந்து ஆழமான பேஸ் வந்தது.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. ஏஆர்-1 ஏகப்பட்ட மின்சாரம் கேட்டது. பியானோ மேதை ஜோசஃப் ஹாஃப்மனின் மகன் ஆன்டன் ஹாஃப்மன், பின்னாளில் க்ளாஸோடு கேஎல்ஹெச் நிறுவனத்தைத் தொடங்கியவர், இதை ஒரு விதியாகவே சொன்னார். சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் அதிக சத்தம். இந்த மூன்றில் ரெண்டைத்தான் வாங்க முடியும்; மூன்றாவதை விட்டுத்தர வேண்டும். 1958க்குப் பிறகு ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவி, வீட்டுக்கு ரெண்டு ஸ்பீக்கர் தேவைப்பட்டபோது, ரெண்டு அலமாரிகளை யார் வரவேற்பறையில் வைப்பார்கள்? சிறிய பெட்டிகள் ஜெயித்தன. பிற்பாடு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரால் வாட்ஸ் மலிவானது. ஒரே பெரிய கூம்புக்குப் பதில் சிறிய கூம்புகளை மேலும் கீழுமாக அடுக்கி ஒல்லியான, உயரமான பெட்டி செய்தார்கள். ஸ்டாண்டில் நிற்கும் சின்ன ஸ்பீக்கர் எடுத்துக்கொள்ளும் தரையளவுதான் இதற்கும் வேண்டும். டவர் திரும்பி வந்தது இப்படித்தான்.

*

அலமாரி மாதிரி ஒன்று, அலமாரிக்குள் அடங்குவது ஒன்று. எது உண்மைக்கு நெருக்கம்? 1950களின் பதில் எடிசனுடையதேதான், ஆனால் இன்னும் நேர்மையாக: நிஜ வாத்தியத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்.

கில்பர்ட் பிரிக்ஸ் ஜவுளி வியாபாரத்திலிருந்து வந்த யார்க்‌ஷயர்காரர். 1932இல் வார்ஃப்டேல் நிறுவனத்தை ஆரம்பித்தவர். 1954இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலை வாடகைக்கு எடுத்தார். சுமார் 3,000 பேர் உட்காரும் அரங்கு. வீட்டு ஸ்பீக்கர்களை மேடையில் வைத்து, நிஜக் கலைஞர்களையும் அவர்களுடைய பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார். ஆம்ப்ளிஃபையர் பொறுப்பு, பிற்பாடு 1957இல் குவாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரை வெளியிட்ட பீட்டர் வாக்கருடையது. அடுத்த வருஷம் இதே நிகழ்ச்சி நியூயார்க் கார்னெகி ஹாலுக்குப் போனது. வில்ச்சூரின் நிறுவனமும் ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்ற தந்தி வாத்தியக் குழுவை வைத்து இப்படிப் பல நிகழ்ச்சிகள் நடத்தியது.

கேட்டவர்கள் ஏமாந்தார்கள், சந்தோஷப்பட்டார்கள். ஆனால் இந்த முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. நிஜத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வித்தியாசம் தெரியவில்லை என்று மட்டும்தான் அதனால் சொல்ல முடியும். ரெண்டு ஸ்பீக்கருமே “தெரியவில்லை” என்ற மதிப்பெண் வாங்கிவிட்டால், அவற்றில் எது மேல்? அதோடு, வீட்டில் நாம் கேட்கும் பதிவுக்குப் பக்கத்தில் நிஜம் கிடையாது. அந்தப் பாட்டு எந்த அறையில், எந்த மைக்கில், எந்த ஸ்பீக்கரில் கேட்டு ஒலிக்கலவை செய்யப்பட்டது என்று கேட்பவருக்குத் தெரியாது. ஸ்டூடியோ ஸ்பீக்கரில் பேஸ் குறைவாக இருந்திருந்தால் பதிவில் பேஸைக் கூட்டியிருப்பார்கள். அந்தப் பதிவை வைத்து நாம் வேறொரு ஸ்பீக்கரை “பேஸ் அதிகம்” என்று குறை சொல்வோம். ஃப்ளாய்ட் டூல் இதற்கு வைத்த பெயர் ‘குழப்ப வட்டம்’. அளவுகோலையே அளக்கப்படும் பொருளைக் கொண்டு செய்வது மாதிரி.

டூல் யார் என்பதைச் சொல்வதற்கு முன் விமர்சகர்களைப் பற்றிக் கொஞ்சம்.

1962இல் ஜே. கார்டன் ஹோல்ட் ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகையை ஆரம்பித்தார். கருவிகள் தரும் எண்களை மட்டும் அச்சடிப்பது போதாது, வீட்டில் வைத்துக் கேட்டு எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. 1973இல் ஹாரி பியர்சன் ‘தி அப்சல்யூட் சவுண்ட்’ தொடங்கினார். பெருக்கப்படாத நிஜ இசைதான் ஒரே அளவுகோல் என்றார். ஒலியைப் பற்றிப் பேச இவர்கள் ஒரு சொல்லகராதியையே உருவாக்கினார்கள். ஒலியின் மேடை எவ்வளவு ஆழம், குரலைச் சுற்றி எவ்வளவு காற்று, இருட்டு, வெளிச்சம், ஈரம், வறட்சி என்று. இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இந்த மொழி பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஒரு நல்ல கேட்பு விமர்சனம் நல்ல கவிதை விமர்சனம் மாதிரி, நாம் கவனிக்காத ஒன்றைக் கவனிக்க வைக்கும்.

இந்தக் காலத்தில்தான் பெரிய பெட்டிகளுக்கு மறுபடி மவுசு வந்தது. இங்கிலாந்தின் பி அண்ட் டபிள்யூ 1979இல் 801 மாடலை வெளியிட்டது. அதை லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோ எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் வில்சன் நிறுவனம் ‘வாட்’ என்ற சின்ன ஸ்பீக்கருக்கு அடியில் ‘பப்பி’ என்ற பேஸ் பெட்டியைச் சேர்த்து, அதைத் தரையில் நிற்கும் ஜோடியாக்கியது. விலைகள் ஏற ஆரம்பித்தன.

ஆனால் விமர்சகர் எழுதும்போது பெட்டி அவர் கண்முன் நின்றது. விலை தெரிந்தது. தயாரித்தவர் பெயர் தெரிந்தது.

*

ஃப்ளாய்ட் டூல் லண்டனில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு, 1965இல் கனடாவின் ஒட்டாவாவில் உள்ள தேசிய ஆராய்ச்சி கவுன்சிலில் சேர்ந்தார். அரசாங்க ஆய்வகம். ஸ்பீக்கர் விற்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. அவர் செய்தது சின்ன விஷயம்தான். ஒலி தடையில்லாமல் புகுந்து வரும் மெல்லிய திரையை ஸ்பீக்கர்களுக்கு முன்னால் தொங்கவிட்டார். எல்லா ஸ்பீக்கரின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். ஆட்களை உட்காரவைத்து மதிப்பெண் போடச் சொன்னார்.

சத்த அளவைச் சமப்படுத்துவது சில்லறை வேலை மாதிரித் தெரியும். ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் 1933லேயே வெளியிட்ட ஆய்வின்படி, சத்தம் குறையும்போது காது பேஸை இன்னும் வேகமாக இழக்கிறது. வால்யூம் கொஞ்சம் கூடினாலே பேஸ் நிறைவது போலக் கேட்கும். ஒரே வால்யூம் குமிழில், ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட 3 டெசிபல் அதிகமாகப் பாடினால், கேட்பவர் அதைச் ‘சத்தம் ஜாஸ்தி’ என்று சொல்ல மாட்டார். ‘உயிர் இருக்கு’ என்பார். கடையில் ரெண்டு ஸ்பீக்கரை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும்போது ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

டூல் தன் முடிவுகளை 1985, 1986 ஆண்டுகளில் ஆடியோ பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். ரசனை ஆளாளுக்கு மாறும் என்றுதானே நாம் நினைப்போம்? திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒத்துப்போனார்கள். எல்லா அதிர்வெண்களையும் சீராகத் தரும் ஸ்பீக்கர், நேர்முன்னால் மட்டுமில்லாமல் பக்கவாட்டிலும் அதே குணத்தோடு ஒலிக்கும் ஸ்பீக்கர், மேலே வந்தது. பக்கவாட்டு ஒலி ஏன் முக்கியமென்றால், அதுதான் சுவரில் பட்டு நம் காதுக்கு வருகிறது.

இன்னும் ரெண்டு முடிவுகள். ஒன்று, ஸ்டீரியோ ஜோடியாகக் கேட்பதைவிட ஒற்றை ஸ்பீக்கரை மட்டும் கேட்கும்போது குறைகள் நன்றாகத் தெரிந்தன. ஜோடி சேர்ந்ததும் அந்த விசாலத்தில் குறை மறைந்துகொண்டது. ரெண்டு, கேட்கும் திறன் குறைந்தவர்களின் மதிப்பெண்கள் நிலையாக இல்லை. இன்று ஒன்று, நாளை ஒன்று. அனுபவமும் வயதும் சேர்ந்தே வரும் துறையில் இது சங்கடமான செய்தி.

பி.எஸ்.பி., பாரடைம் போன்ற கனடிய நிறுவனங்கள் அந்த ஆய்வகத்தைப் பயன்படுத்திக்கொண்டு வளர்ந்தன. பொதுப்பணத்தில் நடந்த ஒரு ஆராய்ச்சி, நடுத்தர விலையில் நல்ல ஸ்பீக்கர் கிடைக்க வழி செய்தது.

*

1991இல் டூல் அமெரிக்காவின் ஹர்மன் நிறுவனத்துக்குப் போனார். ஷான் ஆலிவும் அங்கே அவரோடு வேலை பார்த்தார். 1994இல் இருவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். இந்தக் கதையின் மையம் அதுதான்.

கேட்டவர்கள் 40 பேர். எல்லோரும் ஹர்மன் ஊழியர்கள். நான்கு ஸ்பீக்கர்கள், விலையும் அளவும் வெவ்வேறு. ஒரு சுற்று திரைக்குப் பின்னால் வைத்து, ஒரு சுற்று கண்ணால் பார்க்கும்படி வைத்து. இசை அதே. அறை அதே.

திரை இருந்தபோது, சின்ன, மலிவான ஸ்பீக்கர் தொகுதி ஒன்று பெரியவற்றுக்கு ஈடுகொடுத்தது. திரையை எடுத்ததும் அதன் மதிப்பெண் சரிந்தது. நிறுவனத்தின் பெரிய, விலையுயர்ந்த ஸ்பீக்கர்களின் மதிப்பெண் ஏறியது. கண் அவ்வளவு எளிதாகக் காதுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது.

என்னை அதைவிடத் தொந்தரவு செய்வது இன்னொரு முடிவு. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தால் ஒலி உண்மையிலேயே மாறும். திரைச் சோதனையில் ஆட்கள் அந்த மாற்றத்தைக் கேட்டு, மதிப்பெண்ணை மாற்றிப் போட்டார்கள். கண்ணால் பார்த்தபோது அதைக் கவனிக்கவே இல்லை. பார்ப்பது இல்லாத வித்தியாசத்தைக் கேட்கவைத்ததோடு நிற்கவில்லை. இருந்த வித்தியாசத்தையும் கேட்கவிடாமல் செய்தது. அந்த 40 பேரும் பொய் சொல்லவில்லை. தாங்கள் கேட்டதாக நம்பியதைத்தான் எழுதினார்கள். கவிஞர் பெயரைப் பார்த்துவிட்டுக் கவிதையைப் படிக்கிற நாமும் பொய் சொல்வதில்லை.

பிறகு கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜில், கறுப்புத் திரைக்குப் பின்னால் காற்றழுத்தத்தால் ஸ்பீக்கர்களை நகர்த்தும் மேடை ஒன்றைக் கட்டினார்கள். சுமார் 3 விநாடியில் ஒரு ஸ்பீக்கர் போய் அதே இடத்தில் இன்னொன்று வந்து நிற்கும். 2003இல் ஆலிவ் வெளியிட்ட ஆய்வில் 268 பேர் நான்கு ஸ்பீக்கர்களைத் திரைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள், கடைக்காரர்கள், விமர்சகர்கள், மாணவர்கள் என்று எல்லாரும் கலந்து. பயிற்சி பெற்றவர்கள் கறாராகவும் நிலையாகவும் மதிப்பெண் போட்டார்கள். ஆனால் தரவரிசை அநேகமாக ஒன்றேதான். ‘தங்கக் காது’ உள்ளவருக்கு மட்டும் கேட்கும் ரகசியம் எதுவும் இல்லை. நம்ம காதும் போதும், அதற்கு நியாயமான வாய்ப்பு கொடுத்தால்.

2004இல் ஆலிவ் இன்னும் ஒரு படி போனார். எதிரொலி இல்லாத அறையில் ஸ்பீக்கரைச் சுற்றிலும் 70 கோணங்களில் அளந்து, அந்த அளவுகளை மட்டும் வைத்து மனிதர்கள் என்ன மதிப்பெண் போடுவார்கள் என்று கணித்தார். 70 ஸ்பீக்கர்களில் கணிப்புக்கும் நிஜ மதிப்பெண்ணுக்கும் இருந்த ஒத்திசைவு 0.86. எடிசன் காலத்திலிருந்து கூட்டத்தைக் கூட்டித் தேடியதை ஒரு வரைபடம் ஓரளவு சொல்லிவிடுகிறது.

*

இதற்கு எதிராகச் சொல்ல வேண்டியதும் உண்டு. ஹர்மன் ஸ்பீக்கர் விற்கும் நிறுவனம். ஒரு சில நிமிடத் துணுக்குகளைக் கேட்டுப் போடும் மதிப்பெண், ஒரு ஸ்பீக்கரோடு பத்து வருஷம் வாழ்வதற்குச் சமமா என்று கேட்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. 0.86 என்பது 1 இல்லை. நன்றாகச் செய்யப்பட்ட ஒரு மரப்பெட்டியைத் தினமும் பார்ப்பதும் சந்தோஷம்தான். அதற்குக் காசு கொடுப்பதில் தப்பு எதுவும் இல்லை. அது காதுக்குக் கொடுத்த காசு இல்லை என்று தெரிந்திருந்தால் போதும்.

டவர்களின் உயரம் வெறும் ஜம்பம் என்றும் சொல்லிவிட முடியாது. ஆலிவின் கணக்கில் மதிப்பெண்ணில் ஏறத்தாழ 30 சதவீதத்தைத் தீர்மானித்தது, பேஸ் எவ்வளவு ஆழம் போகிறது என்பதுதான். அதற்குப் பெட்டி வேண்டும், கூம்பு வேண்டும். கேஇஎஃப் நிறுவனத்தின் ‘பிளேட்’ நான்கு பேஸ் கூம்புகளை ரெண்டு பக்கமும் முதுகோடு முதுகாக வைத்து, அதிர்வுகள் ஒன்றையொன்று அடக்கும்படி செய்திருக்கிறது. காரணம் இல்லாத அலங்காரம் இல்லை அது.

ஆனால் அந்த பேஸை வாங்கி எங்கே வைக்கப் போகிறோம்? 12 அடிக்கு 10 அடி அறை, கான்கிரீட் சுவர் என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் சுமார் 47 ஹெர்ட்ஸிலும், அகலவாக்கில் சுமார் 57 ஹெர்ட்ஸிலும் அந்த அறை தானே சேர்ந்து பாட ஆரம்பிக்கும். ஒரு இடத்தில் உட்கார்ந்தால் அந்த ஸ்வரம் குமுறும். ரெண்டடி தள்ளி உட்கார்ந்தால் காணாமல் போகும். இந்தக் கீழ்ப்பகுதியில் ஸ்பீக்கரைவிட அறையின் ஆட்சிதான் அதிகம். பெரிய அறைக்காகச் செய்த டவரை இங்கே கொண்டுவந்து வைப்பது, குளியலறையில் கடம் வாசிப்பது மாதிரி.

யாராவது எது வாங்கலாம் என்று கேட்டால் எனக்குப் பெயர் சொல்லத் தெரியாது. எப்படிக் கேட்பது என்று வேண்டுமானால் சொல்லலாம். நன்றாகத் தெரிந்த நாலு பாட்டு. போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்று. ரெண்டின் வால்யூமும் ஓரளவாவது சமமாக இருக்கட்டும். முதலில் ஒற்றை ஸ்பீக்கர், பிறகு ஜோடி. எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றிப் போட ஒரு நண்பர். முடிந்தால் நடுவில் ஒரு மெல்லிய துணி.

துணி இல்லையென்றால் விளக்கை அணைத்துவிடலாம். எடிசனும் அதைத்தான் செய்தார், விற்பதற்காக. இந்தத் தடவை விளக்கை அணைப்பது வாங்கப் போகிறவராக இருக்கட்டும்.